மலாவிப் பள்ளிக்கு நிதி திரட்டும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் நண்பர் ஒருவர் ஆப்பிரிக்காவின் மலாவியில், தலைநகர் லிலாங்வேக்கு அருகே வேலையில் இருக்கிறார். அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்காருகிறார்கள். புத்தகமும் நோட்டும் போதவில்லை என்கிறார். சென்னையிலும் லண்டனிலுமாக நாங்கள் பதினைந்து பேர் உதவ நினைக்கிறோம். பழைய ஆங்கிலப் புத்தகங்களைச் சேர்த்து அனுப்பலாமா, பணமாகத் திரட்டலாமா? ஏமாறாமல் எப்படிச் செய்வது?

பதில்:

புத்தகம் சேர்த்து அனுப்ப வேண்டாம். மலாவிக்குக் கடற்கரை கிடையாது. உங்கள் பெட்டிகள் மொசாம்பிக்கின் பெய்ராவிலோ நக்காலாவிலோ, இல்லையென்றால் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலோ இறங்கி, லாரி ஏறி, எல்லைச் சாவடியில் காத்துக் கிடந்து, சுங்கத்தில் வரிவிலக்குக் கடிதத்துக்காக உங்கள் நண்பரை நாலு முறை அலையவைத்து, அப்புறம்தான் பள்ளிக்குப் போகும். அந்தச் செலவில் லிலாங்வே கடைகளிலேயே நிறைய வாங்கிவிடலாம். பிரிட்டனின் புக் எய்ட் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் 1954-இலிருந்து இந்த வேலையைச் செய்கின்றன. அவர்கள்கூடப் பதிப்பாளர்களிடமிருந்து புதிய புத்தகங்களாக நன்கொடை பெற்று, பொறுக்கி எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் வீட்டு அலமாரியில் இடத்தை அடைக்கும் பழைய கலைக்களஞ்சியமும் லண்டன் பிள்ளைகள் படித்து முடித்த பனிமனிதன் கதையும் மலாவியின் சிச்சேவா மொழி பேசும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கும் உதவாது.

ஆக, பணம்தான். ஆனால் எவ்வளவு திரட்டலாம் என்று யோசிக்கும் முன், இந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது, இதற்கு முன் பணத்தோடு போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1994-இல் மலாவியில் பல கட்சித் தேர்தல் நடந்து பக்கிலி முலுசி குடியரசுத் தலைவரானார். அதே ஆண்டு தொடக்கக் கல்விக்குக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. 19 லட்சம் அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறக்குறைய 30 லட்சமாக எகிறியது. ஆசிரியரும் கட்டடமும் புத்தகமும் அந்த வேகத்தில் வரவில்லை. முப்பது ஆண்டு கழித்தும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். இடமில்லாத பள்ளிகளில் மரத்தடியே வகுப்பு. 2016-இல் தேசிய வாசிப்புத் திட்டம் தொடங்கி, ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்குச் சிச்சேவா, ஆங்கிலப் பாடநூல்கள் அமெரிக்க உதவியோடு அச்சாகி வந்தன. அந்த உதவி நிறுவனம், யுஎஸ்எய்ட், 2025-இல் மூடப்பட்டது. உங்கள் நண்பர் பார்க்கும் பற்றாக்குறையில் பழைய பங்கும் உண்டு, புதிய பங்கும் உண்டு.

இப்போது பீரோவுக்கு வருகிறேன். சியரா லியோனில் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்து, பிள்ளைகளின் மதிப்பெண் உயர்கிறதா என்று பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. மதிப்பெண் உயரவில்லை. ஏன் என்று தேடினால், புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கே போகவில்லை. பெரும்பகுதி பள்ளியிலேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. அடுத்த முறை புத்தகம் எப்போது வரும், வருமா என்றே தலைமை ஆசிரியருக்குத் தெரியாது. தெரியாதபோது இருப்பதைப் பத்திரப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். நாமும் அதைத்தான் செய்வோம். கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தட்டில் தினமும் யார் சாப்பிடுகிறார்கள்?

இதே காட்சியை மலாவியிலும் பார்க்கலாம். தலைமை ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ, அல்லது பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி. திறந்தால் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டுகள். மேலே நன்கொடையாளர் பெயர் ஒட்டிய தாள். பக்கத்து அறையில் ஒரே புத்தகத்தைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிள்ளை எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கும். இந்தச் சங்கடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். கிழிந்தாலும் அவர்தான். பீரோவிலேயே இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பதிவேட்டில் கணக்கும் சரியாக இருக்கும்.

ஆகவே உங்கள் குழு செய்யக்கூடிய பெரிய காரியம் புத்தகம் வாங்குவது அல்ல. 'கிழியட்டும், தீரட்டும், அடுத்த செப்டம்பரில் மறுபடி வரும்' என்று தலைமை ஆசிரியர் நம்பும்படி நடந்துகொள்வதுதான். ஒரே முறை பெரிய தொகை திரட்டி, படம் பிடித்து, கைகுலுக்கி விடைபெறும் உதவி அந்த பீரோவை இன்னும் கொஞ்சம் நிரப்பும், அவ்வளவுதான். திரட்டப்போகும் தொகையை மூன்றாகப் பிரித்து மூன்று ஆண்டுகளுக்குக் கொடுங்கள். கிழிந்த புத்தகங்களுக்கு மாற்று தருவதாக முதல் நாளே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஒன்றும் கிழியவில்லை என்று கணக்கு வந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பது அடுத்த கேள்வி. 1990-களில் மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் ஒரு டச்சுத் தொண்டு அமைப்பு பள்ளிகளுக்கு அரசுப் பாடநூல்களைக் கொடுத்தது. பால் க்ளூவி, மைக்கேல் கிரேமர், சில்வி மூலான் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். கிரேமர் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர். சராசரி மதிப்பெண் நகரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். காரணம், பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கவே முடியாத புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? அதே பகுதியில் சுவரில் மாட்டும் படத்தாள்களை வைத்து 178 பள்ளிகளில் இன்னோர் ஆய்வு நடந்தது. அதிலும் பலன் தெரியவில்லை.

இதை வைத்துப் 'புத்தகம் வீண்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அதே கென்யாவில் 2015-இல் டுசோமே என்ற வாசிப்புத் திட்டம் நாடு முழுக்க வந்தது. பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஆசிரியருக்குப் பாடம் பாடமாக எழுதிய வழிகாட்டி, பயிற்சி, அப்புறம் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பார்க்கும் அலுவலர் என எல்லாம் சேர்ந்து வந்தபோது வாசிப்பு முன்னேறியது. புத்தகம் பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும், ஆசிரியருக்கு அதை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். தான்சானியாவில் 350 பள்ளிகளில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. பள்ளிக்கு மானியம் மட்டும் கொடுத்த இடத்தில் மதிப்பெண் மாறவில்லை. மானியத்தோடு, பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகையும் தந்த இடத்தில் மாறியது. ஊக்கத்தொகை உங்கள் வேலை இல்லை, அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆசிரியரைக் கேட்காமல் பொருள் வாங்கக் கூடாது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன வாங்கலாம்? என்னைக் கேட்டால் முதல் பொருள் கரும்பலகை வண்ணம். சிரிக்காதீர்கள். நூற்றிருபது பேர் உள்ள வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கும் புத்தகம் கரும்பலகை ஒன்றுதான். பெரும்பாலும் அது மரப்பலகை இல்லை. சிமென்ட் பூசிய சுவரிலேயே கறுப்பு அடித்திருப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனால் வெளுத்து, சாக்பீஸ் ஒட்டாமல் வழுக்கும். நடுவில் பொரிந்து போன இடத்தில் எழுத்து பாதியில் காணாமல் போகும். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஆசிரியரின் குரல் மட்டும்தான் பாடம். உள்ளூர்க் கொத்தனாரை வைத்துப் பூச்சைச் சரிசெய்து, இரண்டு கை வண்ணம் அடித்து, ஓர் ஆண்டுக்கு வேண்டிய சாக்பீஸ் பெட்டிகளையும் வாங்கி வைத்தால், பள்ளி முழுக்கப் பலன் தெரியும். பீரோவில் பூட்டி வைக்கவும் முடியாது.

அடுத்தது நோட்டும் பென்சிலும். ஒரே நோட்டில் முன்பக்கம் கணக்கு, பின்பக்கத்திலிருந்து சிச்சேவா என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பென்சிலை இரண்டாக உடைத்து அண்ணனும் தங்கையும் வைத்துக்கொள்வது உண்டு. பிளேடால் சீவுவதால் பாதி பென்சில் சீவலாகவே போகும். வகுப்புக்கு நாலைந்து நல்ல ஷார்ப்பனர் வாங்கிக் கொடுத்தால் பென்சில் செலவு குறையும், விரலும் தப்பும். இதிலே ஒரு நெளிவு இருக்கிறது. ஜாம்பியாவிலும் ஆந்திரத்திலும் நடத்திய ஓர் ஆய்வில், பள்ளிக்கு மானியம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பெற்றோர் தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்குக் கிடைத்த மொத்தப் பொருளில் பெரிய மாற்றமில்லை. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. நோட்டுக்கு வைத்த காசில் சோளமாவு வாங்கினால் அதுவும் அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனால் 'கற்றல் பொருள் கூடியது' என்று நன்கொடையாளர்களிடம் நீங்கள் சொல்ல முடியாது. பெற்றோர் தாங்களாக வாங்கவே வாங்காத பொருட்களுக்கு முன்னுரிமை கொடுப்பது இதனால்தான். கரும்பலகை, ஆசிரியர் வழிகாட்டி, வகுப்புக்கான கதைப் புத்தகம், புத்தகம் வைக்கும் பெட்டி ஆகியவை அந்த வகை.

கதைப் புத்தகத்துக்கு நல்ல வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சைடே அமைப்பு நடத்தும் ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் சிறுவர் கதைகள் இருக்கின்றன. நம் பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரும் அப்படித்தான். யாரும் இறக்கி, மொழிபெயர்த்து, அச்சிட்டுக்கொள்ளலாம். அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை, எழுதியவர் பெயரை விடாமல் போட்டால் போதும். எட்டு, பன்னிரண்டு பக்கக் கதைகளை லிலாங்வேயிலேயே அச்சடித்து, தையல் போட்டு, தடித்த அட்டையில் லேமினேஷன் செய்யச் சொல்லுங்கள். கீழ் வகுப்புகளில் பேச்சும் பாடமும் பெரும்பாலும் சிச்சேவாதான், ஆகவே கதைகளும் சிச்சேவாவிலேயே இருக்கட்டும். மொழியை அங்குள்ள ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், அதற்கு அவருக்குக் கூலி தர வேண்டும். 'நல்ல காரியம்தானே' என்று இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள். மலாவி ஆசிரியரின் சம்பளம் உங்களுக்குத் தெரிந்தால் கேட்கவே மனம் வராது.

பாடநூல் வாங்குவதாக இருந்தால் முதலில் வட்டாரக் கல்வி ஆலோசகரிடம் பேசச் சொல்லுங்கள். பாடத்திட்டமும் நூல்களும் டொமாசியில் உள்ள மலாவி கல்வி நிறுவனத்தில் உருவாகின்றன. அரசு வழியாக வரவேண்டியது எது, எப்போது வரும் என்பது அந்த ஆலோசகருக்குத் தெரியும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்திய அரசுப் புத்தகம் அங்கே கைமாறுவது பழைய கதை. இன்னொரு பள்ளியிலிருந்து கிளம்பி வந்ததைக் காசு கொடுத்து வாங்குவதாக முடியலாம்.

அப்புறம், உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே செய்துவருவதைக் கவனியுங்கள். கிடைப்பதை வைத்தே கற்பிப்பதற்கு மலாவி ஆசிரியர் பயிற்சியில் தனிப் பெயரே உண்டு: தலுலார். பாட்டில் மூடியில் எண்ணிக்கை, களிமண்ணில் வடிவங்கள், சிமென்ட் சாக்கையும் சோளச் சாக்கையும் பிரித்து அதில் எழுதிய எழுத்து அட்டவணை. இவ்வளவும் செய்யும் ஆசிரியருக்கு மார்க்கர் பேனாவும் பசையும் கத்தரிக்கோலும்தான் தட்டுப்பாடு. கப்பலில் வரும் பிளாஸ்டிக் கணக்குப் பொம்மையைவிட இந்தச் சில்லறைச் சாமான்கள் அதிக வேலை செய்யும்.

ஏமாறாமல் இருப்பது பற்றிக் கேட்டீர்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மாணவர் மானியத்தைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று செய்தித்தாள்களில் போட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னார்கள். 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. அந்த முன்னேற்றம் முழுக்கச் செய்தித்தாளால்தானா என்று பின்னாளில் வாதம் நடந்தது. இருந்தாலும் தொகையைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு தாள்தான் செலவு. உங்கள் பட்டியலையும் ஒட்டச் சொல்லுங்கள், சிச்சேவாவில். இத்தனை பெட்டி சாக்பீஸ், இத்தனை நோட்டு, இன்ன விலை. தாய்மார் வந்து படித்துக் கேள்வி கேட்பார்கள்.

தாய்மார் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. மலாவிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் தவிர 'மதர் குரூப்' என்று பெண்கள் குழுவும் இருக்கும். இடையில் நின்ற பெண் பிள்ளைகளை வீட்டுக்குப் போய்த் திரும்ப அழைத்து வருபவர்கள் அவர்கள்தான். கிராமத்தில் திண்ணை வங்கி என்னும் சேமிப்புக் குழு நடத்திக் காசு எண்ணிப் பழகியவர்களும் அவர்களில் இருப்பார்கள். பொருள் வந்து இறங்கும்போது எண்ணிக் கையெழுத்துப் போடுபவர்களில் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் இருக்கட்டும். பணத்தை உங்கள் நண்பரின் கணக்குக்கோ தலைமை ஆசிரியரின் கைப்பேசிக்கோ அனுப்பாதீர்கள். இருவரும் தங்கமானவர்களாகவே இருக்கலாம். ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அவர்களைக் காப்பாற்ற உங்களிடம் ஒரு காகிதம் இருக்காது. அரசின் மேம்பாட்டு மானியத்துக்காகப் பள்ளிக்கென வங்கிக் கணக்கு இருக்கும். அதில் போடலாம், அல்லது கடைக்கே நேராகக் கட்டலாம்.

மலாவி நாணயமான குவாச்சாவின் கதையையும் கணக்கில் வையுங்கள். 2023 நவம்பரில் ஒரே நாளில், டாலரின் குவாச்சா விலை 44 சதவீதம் ஏறும்படி அதன் மதிப்பை இறக்கினார்கள். திரட்டிய பணத்தைக் குவாச்சாவாக மாற்றிக் கணக்கில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது கரைந்து போனது. கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கிய பிறகே பணத்தை மாற்றுங்கள், மாற்றியதும் வாங்கிவிடுங்கள். பள்ளி செப்டம்பரில் திறக்கிறது. நவம்பருக்கு மேல் மழையில் மண் பாதைகள் லாரியை விடாது. ஆகஸ்டில் பொருள் இறங்குவதுதான் வசதி. ஜனவரி முதல் மார்ச் வரை வீட்டில் சோளம் தீர்ந்து போகும் மாதங்கள், வருகையும் குறையும். விழா எடுத்து வழங்க ஏற்ற காலமும் அல்ல அது.

திரட்டும் வழிக்கு மலாவியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் லாரன்ஸ் ஓடானல் 2010-இல் யுனிசெஃபோடு சேர்ந்து அங்குள்ள பள்ளிகளுக்கு பெஞ்சு வாங்கப் பணம் கேட்கத் தொடங்கினார். வெற்றிக்கு அவர் புகழ் மட்டும் காரணமில்லை. 'ஆப்பிரிக்கக் கல்விக்கு உதவுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. ஒரு பெஞ்சு, இன்ன விலை என்று கேட்டார். பெஞ்சுகளை மலாவியிலேயே தச்சர்கள் செய்தார்கள், ஊருக்கு வேலையும் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக் காலத்தில், பிரியமானவர் பெயரில் பரிசாகக் கொடுக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். பல மில்லியன் டாலர் சேர்ந்தது. நீங்களும் அப்படியே ஒரு வகுப்பை அலகாக வையுங்கள்: 'இரண்டாம் வகுப்புக்கு ஓராண்டுப் பொருள், இவ்வளவு.' ஒருவர் முழுசாகவோ நால்வர் பங்கு போட்டோ ஏற்கலாம். பிறந்தநாள், நினைவுநாள், பொங்கல் என்று நம்மவர்கள் கொடுக்கும் நாட்கள் தெரிந்தவைதானே. மாதா மாதம் சிறு தொகை தருபவர் பத்துப் பேர் கிடைத்தால் ஒரு கலைநிகழ்ச்சியைவிட மேல். மண்டப வாடகையும் சாப்பாடும் போகக் கலைநிகழ்ச்சியில் மிஞ்சுவது எவ்வளவு என்பது சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் அழுக்குச் சட்டையும் மூக்குச் சளியும் தெரியும் படங்களைப் போட்டுக் காசு கேட்காதீர்கள். வெளுத்த கரும்பலகையின் படம் ஒன்று போதும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. லண்டனில் வருமான வரி கட்டுபவர்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால் கிஃப்ட் எய்ட் மூலம் பவுனுக்கு 25 பென்ஸ் அரசு சேர்க்கும். ஆகவே புதிதாக ஒன்றைப் பதிவு செய்து சிரமப்படாமல், மலாவியில் ஏற்கெனவே வேலை செய்யும் அறக்கட்டளை ஒன்றைக் கூட்டாளியாக்க முடியுமா என்று பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் தனிநபராக அனுப்பலாம். நன்கொடைக்கான வரிவிலக்கு கிடைக்காது. இந்திய அறக்கட்டளை வழியாக அனுப்ப முனைய வேண்டாம். இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் அதன் வரிவிலக்குக்கே சிக்கல் வரும். சென்னைப் பங்கை நேராகப் பள்ளியின் கணக்குக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்கள் நண்பரிடம் மூன்றைக் கேளுங்கள். பள்ளியின் மேம்பாட்டுத் திட்ட நகல். ஒவ்வொரு பள்ளியும் அதை எழுதி வைத்திருக்க வேண்டும், ஊர் எதை முதலில் கேட்டது என்பது அதில் இருக்கும். வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கையும் புத்தக எண்ணிக்கையும். தலைமை ஆசிரியர் சம்மதித்தால், திறந்த பீரோவின் படம். உறை பிரிக்காத கட்டுகள் உள்ளே இருந்தால் முதல் ஆண்டு புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். தகரப் பெட்டி, புத்தகத்துக்கு உறை போடப் பழுப்புத்தாள், கிழிந்ததற்கு மாற்று தருவோம் என்ற கடிதம், கரும்பலகை வண்ணம் இவற்றோடு ஆரம்பியுங்கள். இதற்கு ஆகும் தொகை பதினைந்து பேருக்குப் பெரிதாக இருக்காது, பொது வசூல்கூடத் தேவைப்படாது. அந்தக் கட்டுகள் பிரிந்து வகுப்புக்குப் போய்விட்டன என்று அடுத்த ஆண்டு தெரிந்ததும் வெளியே போய்க் கையேந்தலாம்.